கனகாம்பரம்

“எத்தனாவது ஊசி?”

கீமோ போடும் கூடத்துக்கு வெளியே காத்திருக்கும் பெண்கள் ஒருவரையொருவர் முதலில் கேட்பது இதைத்தான். ஊர், பெயர், பிள்ளைகள் எல்லாம் அப்புறம். ‘நாலாவது’ என்று பதில் வந்தால், முதல் ஊசிக்கு வந்தவள் தன் பையை எடுத்துக்கொண்டு பக்கத்து நாற்காலிக்கு மாறிவிடுவாள். வயது அங்கே கணக்கில்லை. அறுபதைத் தாண்டிய ஓர் அம்மாள், தன் மகளைவிடச் சின்னவளான ஒரு பெண்ணை ‘அக்கா’ என்று கூப்பிட்டதை நான் கேட்டிருக்கிறேன். அந்தப் பெண்ணுக்கு அது ஆறாவது ஊசி. வாய் தவறி வந்த சொல்தான். ஆனால் யாரும் சிரிக்கவில்லை, திருத்தவும் இல்லை.

ஒன்பது வருடங்களுக்கு முன், இடது மார்பில் கட்டி என்று நான் அங்கே போய் உட்கார்ந்தேன். என்னென்ன நேரலாம் என்பதை ஒப்புதல் படிவத்தில் அச்சிட்டே கொடுத்திருந்தார்கள். வாந்தி, முடி உதிர்தல், ரத்த அணுக்கள் குறைதல், வாய்ப்புண். எல்லாம் உண்மை. படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போட்டேன். ஒன்றும் மனத்தில் ஏறவில்லை. பக்கத்தில் செய்யாறுக்காரர் ஒருவர் இருந்தார், மூன்றாவது ஊசி. என் சீட்டை வாங்கிப் பார்த்தார்.

“சிவப்பு மருந்தா? மறுநாள் ஒண்ணுக்கு சிவப்பாப் போகும். ரத்தம்னு பயந்துடாதம்மா, மருந்துதான் அது. ரெண்டு நாள்ல சரியாயிடும்.”

கொஞ்ச நேரம் கழித்து அவரே ஆரம்பித்தார். “முடி கொட்டறதுக்கு முந்தி தலை வலிக்கும். உள்ள இல்ல, மேல. இறுக்கிப் பின்னின சடைய அவுத்தா வலிக்குமே, அந்த மாதிரி. வலி வந்த அன்னைக்கே மொட்டை போட்டுக்கோ. விட்டுவெச்சா சோத்துல விழும். புள்ளைங்க பாக்கும்.”

“உங்களுக்கு யாரு போட்டுவிட்டாங்க?”

“எங்க வீட்டுக்காரருதான். போட்டுட்டுப் போய் கொல்லையில நின்னுக்கிட்டாரு.”

பதினாறாம் நாள் காலையில் சீப்பை வைத்ததும் தலை வலித்தது. அவர் சொன்ன அதே வலி. நான் பயப்படவில்லை என்று சொன்னால் அது பொய். ஆனால் அந்த வலியை எனக்கு முன்பே தெரியும். தெருவில் எதிர்ப்படும் தெரிந்த முகம் மாதிரி அது வந்தது. மருத்துவருக்கு என் நோய் தெரிந்திருந்தது. செய்யாறுக்காரருக்கு எனக்கு வரப்போகும் புதன்கிழமை தெரிந்திருந்தது.

‘ஆறுதல் சொல்வது’ என்கிறோம். அதைச் சொல்லில் கொடுத்துவிட முடியும் என்ற எண்ணம் எப்படி வந்ததென்று எனக்கு விளங்கியதில்லை. ஆறுவது புண், ஆறுவது பால். பாலை ஆற்றும்போது யாரும் அதனிடம் எதுவும் சொல்வதில்லை. இன்னொரு டம்ளர் வேண்டும், அவ்வளவுதான். அந்த நாட்களில் என்னைப் பார்க்க வந்தவர்கள் எல்லாரும் ஹார்லிக்ஸ் பாட்டிலோடும் சாத்துக்குடியோடும் ஒரு சொல்லையும் கொண்டுவந்தார்கள்: தைரியமா இருங்க. அன்போடுதான் சொன்னார்கள். போனபிறகு, தைரியமாக இருப்பது என்ற வேலையும் என் தலையில் சேர்ந்திருந்தது. செய்யாறுக்காரர் ஒருமுறைகூட என்னைத் தைரியமாக இருக்கச் சொல்லவில்லை. தலையணைக்குப் பழைய பருத்தி உறை போடச் சொன்னார். ஆபரேஷனுக்குப் பிறகு உடம்போடு தொங்கும் டியூப் பாட்டிலை வைக்க, பழைய புடவையில் தோள்பை ஒன்று தைத்துக்கொள்ளச் சொன்னார். அளவும் சொன்னார்: ஒரு சாண் அகலம், ஒன்றரைச் சாண் நீளம், வலது தோளில் தொங்கவேண்டும்.

இப்படிப் பெண்கள் கூடி உட்காருவதால் ஆயுள் கூடுமா என்று அறிவியல் கேட்டுப் பார்த்திருக்கிறது. அந்தக் கதை எனக்கு முக்கியம். 1970களில் கலிஃபோர்னியாவின் ஸ்டான்ஃபோர்டில், மார்பகப் புற்றுநோய் உடம்பின் மற்ற இடங்களுக்கும் பரவிவிட்ட பெண்களில் ஒரு பகுதியினரை வாரம் ஒருமுறை ஒன்றரை மணிநேரம் கூடிப் பேசவைத்தார்கள். வலியைப் பற்றி, பிள்ளைகளைப் பற்றி, சாவைப் பற்றி. மனநல மருத்துவர் டேவிட் ஸ்பீகல் பத்து வருடம் கழித்துக் கணக்கெடுத்தார். மொத்தம் 86 பெண்கள். குழுவில் பேசியவர்கள் சராசரியாக 36.6 மாதம் வாழ்ந்திருந்தார்கள், பேசாதவர்கள் 18.9 மாதம். 1989இல் ‘லான்செட்’ இதழில் இது வந்தபோது உலகமே திரும்பிப் பார்த்தது. பேச்சு மருந்தாகிவிட்டது என்று நினைத்தார்கள்.

பிறகு கனடாவில் 235 பெண்களை வைத்து இதையே இன்னும் கவனமாகச் செய்தார்கள். 2001இல் முடிவு வந்தது. ஆயுள் கூடவில்லை. இரு பக்கமும் கிட்டத்தட்ட ஒரே மாதக் கணக்கு. 2007இல் ஸ்பீகல் தாமே செய்த மறுஆய்விலும் அந்தப் பழைய வித்தியாசம் திரும்ப வரவில்லை. அதை ஒளிக்காமல் வெளியிட்டார், அதற்காக அவர்மேல் எனக்கு மரியாதை. கனடாக்காரர்கள் இன்னொன்றையும் எழுதியிருந்தார்கள். குழுவில் இருந்தவர்களுக்கு மனவேதனை குறைவாக இருந்தது, வலியும் குறைவாகத் தெரிந்தது. மிகுந்த வேதனையோடு வந்தவர்களுக்கே அதிகப் பலன்.

இதைத் தோல்வி என்று சிலர் சொன்னார்கள். எனக்கு நிம்மதியாக இருந்தது. பேசினால் பிழைப்போம் என்றாகியிருந்தால், இறந்துபோனவள் சரியாகப் பேசவில்லை, மனதைத் திடமாக வைத்துக்கொள்ளவில்லை என்று அவள்மேல் பழி விழுந்திருக்கும். ஏற்கெனவே விழுந்துகொண்டுதான் இருக்கிறது: ‘அவ மனச விட்டுட்டா, அதான்.’ அவள் மனதை விடவில்லை. நோய் ஈரலுக்குப் போய்விட்டது.

ஒருத்தி முன்னே போய், திரும்பி வந்து இன்னொருத்தியிடம் சொல்லும் இந்த ஏற்பாட்டுக்கு நியூயார்க்கில் ஒரு பெண் உருவம் கொடுத்தாள். 1952இல் டெரீஸ் லாசருக்கு மார்பகத்தை அகற்றினார்கள். அந்தக் காலத்து அறுவை மார்போடு நிற்காது, அடியிலுள்ள தசையையும் அக்குள் முடிச்சுகளையும் சேர்த்து எடுத்துவிடும். கையைத் தூக்க முடியாமல் கிடந்த லாசருக்கு இனி எப்படித் தலை வாருவது என்று சொல்ல ஆளில்லை. தேறிய பிறகு அவர் மற்ற பெண்களின் படுக்கையைத் தேடிப் போக ஆரம்பித்தார். கையில் ஒரு ரப்பர் பந்து, ஒரு கயிறு, ரவிக்கைக்குள் வைத்துக்கொள்ள ஒரு பஞ்சுமார்பு. பந்து, பிசைந்து பிசைந்து கைக்குப் பலம் ஏற்ற. கயிறு, கதவின்மேல் போட்டு இழுத்துக் கையை உயர்த்த. 1969இல் அமெரிக்கப் புற்றுநோய்ச் சங்கம் அதைத் தன் திட்டமாகவே எடுத்துக்கொண்டது.

அந்தப் பஞ்சுமார்பை வைத்துக்கொள்ள ஒருத்தி மறுத்தாள் என்பதையும் சொல்லவேண்டும். கறுப்பினக் கவிஞர் ஆட்ரி லார்டுக்கு 1978இல் மார்பகம் அகற்றப்பட்டது. பார்க்க வந்த பெண் கொடுத்தது வெளிர் ரோஜா நிறப் பஞ்சு. லார்டின் தோலுக்கு ஒட்டாத நிறம். சில நாள் கழித்து மருத்துவரைப் பார்க்க அதை வைக்காமல் போனார். அங்கிருந்த நர்ஸ், இப்படி வந்தால் மற்றவர்களின் மனம் தளரும் என்றாராம். 1980இல் வெளிவந்த ‘தி கேன்சர் ஜர்னல்ஸ்’ நூலில் லார்டு இதை எழுதினார். போரில் கண் போன இஸ்ரேல் மந்திரி மோஷே தயான் கறுப்புத் துணி கட்டிக்கொண்டு உலாவுகிறார், அவரை யாரும் கண்ணாடிக் கண் வைக்கச் சொல்லவில்லையே என்பது அவருடைய கேள்வி. இல்லாததை இருப்பதுபோல் காட்டினால், மார்பை இழந்த பெண்கள் ஒருவரையொருவர் எப்படி அடையாளம் கண்டுகொள்வார்கள்?

லாசர், லார்டு இருவரையும் எனக்குப் பிடிக்கும். எங்களில் சிலருக்குப் பஞ்சு வேண்டும். பஸ்ஸில் போகிற பெண்ணுக்கு யாரும் உற்றுப் பார்க்காத ஒரு மாலைப் பொழுது வேண்டும். துணிப்பைக்குள் கேழ்வரகை நிரப்பித் தைத்துவந்த ஒருத்தியைப் பார்த்தேன். கடையில் விற்பது விலை அதிகம், வெறும் பஞ்சு கனமில்லாமல் மேலே ஏறிவிடுகிறது, தோள் ஒரு பக்கமாகச் சாய்கிறது என்றாள். வீட்டுத் தராசில் நிறுத்து எடைபார்த்திருந்தாள். அவளை யாரும் குறை சொல்ல விடமாட்டேன். ஒன்றும் வைக்காமல் வருகிறவளையும் அப்படித்தான்.

நம் ஊரில் இந்தக் கதை ஒரு அக்காவிடம் தொடங்குகிறது. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் தங்கை 1923இல் புற்றுநோயில் இறந்தார். பக்கத்திலிருந்து பார்த்த அக்காவும் மருத்துவர்தான், செய்வதற்கு ஒன்றும் இருக்கவில்லை. முப்பது வருடம் அதை அவர் மறக்கவில்லை. 1952இல் புற்றுநோய் மருத்துவமனைக்கு நேரு அடிக்கல் நாட்டினார். 1954இல் அடையாறில் 12 படுக்கைகளோடு மருத்துவமனை தொடங்கியது. பணம் திரட்டி நடத்தியது 1917இல் அதே அடையாறில் பிறந்த இந்திய மாதர் சங்கம். அந்த மருத்துவமனையின் பெயரில் அடைப்புக்குறிக்குள் டபிள்யூ.ஐ.ஏ. என்று இன்றும் நிற்பது அந்தச் சங்கத்தின் பெயர்தான். அதைக் கடந்து போகிற ஆயிரக்கணக்கானவர்களில் எத்தனை பேர் அந்த மூன்று எழுத்தைப் படித்திருப்பார்கள்? இந்தியாவில் 2022இல் மட்டும் சுமார் 1 லட்சத்து 92 ஆயிரம் பெண்களுக்குப் புதிதாக மார்பகப் புற்றுநோய் கண்டறியப்பட்டிருக்கும் என்று உலகளவிலான மதிப்பீடு சொல்கிறது.

வியாழக்கிழமைகளில் நான் ஒரு விடுதிக்குப் போகிறேன். வெளியூரிலிருந்து சிகிச்சைக்கு வந்தவர்கள் தங்கும் இடம். கரண்டு, அதாவது கதிர்வீச்சு, வைத்துக்கொள்ள வந்தவர்கள், ஊசிக்கு வந்தவர்கள், ரத்தக் கவுண்ட் இறங்கி ஊசி தள்ளிப்போனதால் ஊர் திரும்ப மனமில்லாமல் இருப்பவர்கள். கரண்டு வைப்பவர்களுக்கு மார்பில் ஊதா மையில் கோடு போட்டிருக்கும். அழியாமல் பார்த்துக்கொள்ளவேண்டும் என்பதால் குளிப்பதற்கே ஒரு நிதானம் வந்திருக்கும். வராந்தாச் சுவரில் பென்சில் கோடுகள் இருக்கின்றன. அறுவை நடந்த பக்கத்துக் கைவிரல்களைச் சுவரில் பதித்து, பல்லி ஏறுவதுபோல் மெல்ல மேலே ஏற்றி, எட்டிய இடத்தில் தேதி போடுவார்கள். அதைத் தொடங்கியது யார் என்று யாருக்கும் தெரியாது. நான் போவதற்கு முன்பே கோடுகள் இருந்தன.

ஒரு வியாழன் அவர்களுக்கு மாறுதலாக இருக்கட்டும் என்று கோயம்பேட்டில் இரண்டு கிலோ மல்லி வாங்கிப் போனேன். எல்லாரும் உட்கார்ந்து பூக் கட்டலாம், கைக்கும் வேலை, மனதுக்கும் இதம் என்று என் நினைப்பு. பையைப் பிரித்ததும் மூன்று பேர் எழுந்து வெளியே ஓடினார்கள். ஒருத்தி வாசற்படியிலேயே வாந்தி எடுத்தாள். நான் பையைச் சுருட்டி மூடிக்கொண்டு நின்றேன். ஊசி போட்ட வாரத்தில் எனக்கும் மல்லி வாசம் குமட்டியது. அம்மா தலையிலிருந்து பூவை எடுத்துவிட்டு என் அறைக்கு வருவாள். அது எப்படி எனக்கு மறந்துபோயிற்று?

திருவள்ளூர்ப் பக்கம் பூந்தோட்டத்தில் கூலிக்குப் பூப் பறித்த ஒரு அம்மாள், ஐந்தாவது ஊசி, தலையில் துண்டைச் சரிசெய்துகொண்டே சொன்னார்: “அடுத்த வாட்டி கனகாம்பரம் கொண்டாம்மா. அதுக்கு வாசமே இல்ல. மரு சேக்காத. மருவும் வாசம்.”

அடுத்த வியாழன் கனகாம்பரம். தண்ணீர் தெளித்த ஈரத்துணியில் கொட்டி வைத்தோம். அந்த அம்மாள் நூலின் ஒரு முனையைக் கால் கட்டைவிரலில் சுற்றிக்கொண்டு, இந்தப் பக்கம் இரண்டு, அந்தப் பக்கம் இரண்டு என்று பூவை வைத்து முடிச்சிட ஆரம்பித்தார். அவருக்கு எதிரில் இருபத்தாறு வயதுப் பெண். மருந்தால் அவளுக்கு விரல் நுனி மரத்துப்போயிருந்தது. நூல் விரலில் இருப்பதே தெரியவில்லை என்றாள். இழுத்தாள், பூக்காம்பு நறுக்கென்று அறுந்தது. மறுபடி இழுத்தாள், மறுபடி அறுந்தது. நாலாவது பூவில் அழுதுவிட்டாள். யாரும் ‘பரவாயில்லை, விடு’ என்று சொல்லவில்லை. அம்மாள் தன் வேலையை நிறுத்தாமல் சொன்னார்: “வெரல நம்பாத, கண்ண நம்பு. காம்பு மடங்குதான்னு பாரு. மடங்கினா நிறுத்திடு. எனக்கும் இப்படித்தான் இருந்திச்சு போன மாசம்.” அந்தப் பெண் குனிந்து காம்பையே பார்த்துக்கொண்டு கட்டினாள். ஒரு மணி நேரத்தில் அரை முழம். சூடிக்கொள்ளத் தலையில் முடியில்லை, அறுவை நடக்காத பக்கத்து மணிக்கட்டில் சுற்றிக்கொண்டாள். ராத்திரி சாப்பிடும்போதும் அதைக் கழற்றவில்லையாம்.

அன்றுதான் எனக்கு ஒன்று விளங்கியது. ஒன்பது வருடம் தாண்டியவள் நல்ல வழித்துணை இல்லை. என்னைப் பார்ப்பதில் அவர்களுக்கு ஒரு பயன் உண்டு: இவள் உயிரோடிருக்கிறாள், தலையில் முடி இருக்கிறது. அதற்காக நான் போகத்தான் வேண்டும். ஆனால் போன மாதம் தன் விரல் மரத்துப்போனதை இன்னும் மறக்காதவள்தான் இந்த மாதம் மரத்துப்போனவளுக்கு வேண்டும். குழு அமைக்கிறவர்கள், திட்டம் போடுகிறவர்கள் எல்லாரும் பல வருடம் தாண்டி நிமிர்ந்து நிற்கிற பெண்களைத் தேடி மேடையேற்றுகிறார்கள். மூன்று வாரம் முந்திப் போனவளைப் பக்கத்து நாற்காலியில் உட்காரவைக்க வழி செய்தால் போதும். ஒரு மருத்துவமனை எனக்குத் தெரியும். கூட்டம் சேராமல் இருக்க அங்கே நாற்காலிகளை இடைவெளி விட்டுத் தரையோடு முடுக்கியிருக்கிறார்கள். நகர்த்த முடியாது.

பக்கத்து நாற்காலியிலிருந்து வருவதெல்லாம் நல்லதில்லை என்பதும் எனக்குத் தெரியும். ‘அறுவை ஆன கையால் கனம் தூக்கவே கூடாது, வீங்கிவிடும்’ என்று மருத்துவர்களும் சொன்னார்கள், பெண்களும் பெண்களுக்குச் சொன்னார்கள். லாரித் தண்ணீருக்குக் குடத்தோடு நிற்கிறவள் அந்தப் புத்தியை எங்கே வைப்பாள்? 1996இல் கனடாவின் வான்கூவரில் டான் மெக்கென்சி என்ற விளையாட்டு மருத்துவர், சிகிச்சை முடித்த 24 பெண்களைப் படகில் ஏற்றித் துடுப்புப் போடப் பழக்கினார். யாருக்கும் புதிதாகக் கை வீங்கவில்லை. 2009இல் 141 பெண்களை வைத்துச் செய்த ஆய்வும், மேற்பார்வையில் படிப்படியாக எடை தூக்கினால் வீக்கம் கூடுவதில்லை என்று காட்டியது. பழைய எச்சரிக்கை இன்னும் வராந்தாக்களில் ஓடிக்கொண்டிருக்கிறது.

அதைவிடக் கொடியது முள்சீத்தாப் பழம் பற்றிய செய்தி. எங்கள் வாட்ஸ்அப் குழுவிலேயே அது வந்தது, எங்களில் ஒருத்தி நல்லெண்ணத்தோடு போட்டாள்: கீமோவைவிடப் பல மடங்கு பலம், பக்கவிளைவே இல்லை. அதை நம்பி இரண்டாவது ஊசியோடு ஒரு பெண் சிகிச்சையை நிறுத்திவிட்டாள். பத்து மாதம் கழித்து வந்தபோது கட்டி வெளியே உடைந்திருந்தது. அவளைக் குளிப்பாட்டிவிட்டது அந்தச் செய்தியைப் போட்டவள்தான். அதன்பிறகு நாங்கள் ஒரு கட்டுப்பாடு வைத்துக்கொண்டோம். மருந்துபற்றிய கேள்வி டாக்டருக்கோ நர்ஸுக்கோ போகவேண்டும். தலையணை, தட்டு, பஸ், ரயில் சலுகைக்கு எந்தச் சீட்டில் யாரிடம் கையெழுத்து, காப்பீட்டு அட்டையில் பெயர் தவறாக இருந்தால் எங்கே போவது, மாமியாரிடம் எப்படிச் சொல்வது, இவையெல்லாம் எங்களுக்கு.

சில எண்களுக்குச் செய்தி அனுப்பினால் ஒற்றை டிக்கோடு நின்றுவிடுகிறது. நாங்கள் அந்த எண்களை நீக்குவதில்லை. திருவள்ளூர் அம்மாளின் எண்ணும் இப்போது அப்படித்தான் இருக்கிறது. சாவு வீட்டில் பெண்கள் தோளோடு தோள் கோத்து வட்டமாக உட்கார்ந்து அழுவார்களே, அதில் ஒவ்வொருத்தியும் தன் வீட்டுச் சாவுக்கும் சேர்த்து அழுவாள். அவருடைய காரியத்துக்குப் போன எங்கள் வட்டத்தில் எல்லாருமே அவருக்காகவும் அழுதோம், எங்களுக்காகவும் அழுதோம். அதை மறைக்கவேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை.

போன செவ்வாய் இரவு பதினொன்றேகாலுக்கு ஒரு செய்தி. இரண்டாவது ஊசி முடிந்து ஊருக்குப் போயிருக்கும் பெண், இரண்டு பிள்ளைகள்.

“அக்கா, எது சாப்பிட்டாலும் இரும்பு ருசி அடிக்குது. ரசம்கூட. போயிடுமா?”

“போயிடும். நாலஞ்சு நாள் ஆகும். எவர்சில்வர் தட்டுல சாப்பிடாத, ஸ்பூனும் வேணாம். பீங்கான் தட்டு, இல்லன்னா வாழை இலை. சோறு ஆறினப்புறம் சாப்பிடு, சூட்டுல அந்த ருசி தூக்கலாத் தெரியும்.”

அனுப்பிவிட்டுப் படுத்தேன். எனக்குத் தெரிந்ததைச் சரியாகச் சொல்லிவிட்ட திருப்தி. இருபது நிமிடம் கழித்துப் பதில் வந்தது.

“எனக்குன்னு தனித் தட்டு வாங்கி வெச்சிருக்காங்க அக்கா. எவர்சில்வர்தான். புதுசு. மாத்தச் சொன்னா தப்பா நெனப்பாங்களோ?”

எழுந்து விளக்கைப் போட்டேன். என்ன எழுதுவதென்று தெரியவில்லை. இரண்டு முறை தட்டச்சு செய்து அழித்தேன். பிறகு அவளைக் கூப்பிட்டேன். முதல் மணியிலேயே எடுத்தாள்.